ஓட்டுப் போடும் முன் மசோதாவைப் படிக்க வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். மசோதா எப்படிச் சட்டமாகிறது என்ற பாடம் வந்தாலே வகுப்பு புத்தகத்தை விட்டு வெளியே போய்விடும். "எம்.பி.ங்க இதையெல்லாம் படிக்கிறாங்களா சார்?" என்று யாராவது ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் தொடர்வார்கள். வகுப்புக்கு வகுப்பு அதே சந்தேகங்கள் வருவதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன.

மசோதா, சட்டம் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அரசோ தனி உறுப்பினரோ அவையில் வைக்கும் வரைவுதான் மசோதா. சட்ட முன்வடிவு என்றும் சொல்வோம். நாடாளுமன்றத்தில் அது மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் அறிமுகம். இரண்டாவது கட்டத்தில் பொது விவாதம் நடக்கும், தேவையென்றால் குழுவுக்குப் போகும், அப்புறம் ஒவ்வொரு பிரிவாக எடுத்து வாக்கெடுப்பு நடக்கும். மூன்றாவது கட்டத்தில் மொத்த மசோதாவுக்கும் சேர்த்து வாக்கெடுப்பு. இரண்டு அவையும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த பிறகே சட்டம்.

இந்தக் கட்டங்களை 'வாசிப்பு' என்றுதான் சொல்கிறோம். அச்சுப் பிரதி அரிதாக இருந்த காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மசோதாவைச் சத்தமாகப் படித்துக் காட்டியதால் வந்த பெயர்.

எம்.பி. மசோதாவைப் படிச்சே ஆகணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?

எங்கும் இல்லை. ஓட்டு செல்லுபடியாக உறுப்பினர் அவையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விதிகளெல்லாம் படிக்க அவகாசம் தருவதைப் பற்றித்தான் பேசுகின்றன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் நேரமும் தராமல், குழுவுக்கும் அனுப்பாமல், சுயமாக ஓட்டுப் போடும் உரிமையும் இல்லாமல் வைத்துக்கொண்டு "ஏன் படிக்கவில்லை" என்று தனி உறுப்பினரை மட்டும் கேட்பது போதாது. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும்.

படிக்க எத்தனை நாள் கொடுக்கிறாங்க?

மக்களவையில் சபாநாயகரின் வழிகாட்டு நெறிகளின்படி, மசோதா அறிமுகமாவதற்கு இரண்டு நாள் முன்பாவது பிரதி உறுப்பினர் கைக்கு வர வேண்டும். விவாதத்துக்கு எடுக்கும்போதும் பிரதி கிடைத்து இரண்டு நாள் ஆகவில்லை என்றால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம். ஆனால் சபாநாயகர் நினைத்தால் இரண்டையுமே தளர்த்தலாம். பட்ஜெட்டோடு வரும் நிதி மசோதா போன்றவற்றுக்கு முன்கூட்டியே பிரதி தரும் விதி பொருந்தவும் பொருந்தாது.

தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2019-லிருந்தே இரண்டு உதாரணம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் அரசியலமைப்புத் திருத்தம் ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 5 அன்று ஜம்மு காஷ்மீரை இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கும் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. அன்று மாலையே நிறைவேறியது. ஒரு மாநிலத்தின் வரைபடத்தையே மாற்றும் ஆவணம் அது. இந்த இரண்டு முடிவுகளையும் ஆதரிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எதிர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆதரித்தவருக்கும் அன்று படிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் என் குறை.

சரி, ஒரு மனுஷன் எல்லா மசோதாவையும் படிக்க முடியுமா சார்?

நியாயமான கேள்வி. வரி, துறைமுகம், மருத்துவக் கல்வி, தரவுப் பாதுகாப்பு என்று எல்லாத் துறையும் ஒருவருக்குத் தெரிந்திருக்காது. ஆராய்ச்சிக்கென்று தனி அலுவலகம் வைத்திருக்கும் எம்.பி.க்கள் நம் நாட்டில் குறைவு. தொகுதியில் கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டு, மருத்துவமனைப் பரிந்துரை என்று நாள் முழுக்க ஆள் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதி மசோதாக்கள் பழைய சட்டத்தைத் திருத்த வருபவை. "இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுக" என்ற பாணியில் இருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைக்காமல் ஒரு வரியும் புரியாது. திருத்தப்படும் பிரிவுகளைப் பின்னிணைப்பாக அச்சிட்டுத் தருவது நம் வழக்கம், அது நல்ல வழக்கம். ஆனால் அதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாயங்காலமாவது வேண்டும்.

அதனால்தான் வேலையைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்தது இதற்காகத்தான். இப்போது 24 குழுக்கள். ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஒரு மசோதாவை 31 பேர் வரிக்கு வரி பார்த்து அறிக்கை தந்தால், மற்றவர்கள் அறிக்கையையும் சர்ச்சைக்குரிய பிரிவுகளையும் படித்தால் போதும். அதையே நான் படிப்பு என்று ஒப்புக்கொள்வேன்.

குழுவுக்கு அனுப்பினா மட்டும் என்ன மாறிடும்? அதுவும் சடங்குதானே?

மாறியிருக்கிறது. 2016-ல் திருநர் உரிமை மசோதா மக்களவைக்கு வந்தபோது, திருநர் என்றால் யார் என்ற வரையறையில் "முழுமையாகப் பெண்ணும் அல்லாத, முழுமையாக ஆணும் அல்லாத" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. உரிமை தர வந்த மசோதாவே அவர்களைக் குறைபட்டவர்களாக எழுதியிருந்தது. நிலைக்குழு திருநர்களை அழைத்துக் கேட்டது, 2017-ல் தந்த அறிக்கையில் அந்த வரையறையைக் கடுமையாக விமர்சித்தது. வெளியே போராட்டமும் நடந்தது. 2018 டிசம்பரில் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில் அந்த வரி இல்லை. (அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், திமுக எம்.பி. திருச்சி சிவா கொண்டு வந்த தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டு வருவது) இதே விஷயத்தில் மாநிலங்களவையில் நிறைவேறியிருந்தது. தனிநபர் மசோதா ஒன்று மாநிலங்களவையில் நிறைவேறி அப்போது 45 வருடம் ஆகியிருந்தது.)

வாடகைத் தாய் மசோதாவும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், தம்பதியின் நெருங்கிய உறவினர் மட்டுமே வாடகைத் தாயாக முடியும். நம் குடும்பங்களில் இப்படி ஒரு நிபந்தனை வந்தால் எந்த நாத்தனார் மேல், எந்தத் தங்கை மேல் நெருக்குதல் விழும் என்று யோசித்துப் பாருங்கள். மாநிலங்களவை அதைத் தெரிவுக்குழுவுக்கு, அதாவது அந்த ஒரு மசோதாவைப் பார்க்கவென்றே அமைக்கும் குழுவுக்கு, அனுப்பியது. குழு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, விருப்பமுள்ள பெண் என்று மாற்றச் சொன்னது. தாய்க்கான காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 மாதமாக நீட்டச் சொன்னது. யாரோ உட்கார்ந்து படித்ததால் வந்த மாற்றங்கள் இவை.

வருத்தம் என்னவென்றால் குழுவுக்குப் போகும் மசோதாக்கள் குறைந்துவிட்டன. 15-வது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு போயின. 16-வதில் கால் பங்கு அளவுக்கு இறங்கியது. 17-வதில் 16 விழுக்காடு. அந்த 17-வது மக்களவை ஐந்து வருடத்தில் கூடியதே 274 நாள்தான்.

ஒரே ஒரு வரியை மாத்தினா என்ன பெருசா ஆகிடப் போகுது?

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது 2018 நிதி மசோதாவை. அந்தப் பெரிய ஆவணத்துக்குள், 2016 நிதிச் சட்டத்தில் இருந்த "2010 செப்டம்பர் 26" என்ற தேதியை எடுத்துவிட்டு "1976 ஆகஸ்ட் 5" என்று இடச் சொல்லும் ஒரு பிரிவு இருந்தது. பார்த்தால் ஏதோ அச்சுப் பிழையைத் திருத்துவது போலத் தெரியும்.

விஷயம் இதுதான். வெளிநாட்டு நிறுவனங்களிடம் அரசியல் கட்சிகள் நன்கொடை வாங்கக் கூடாது என்று 1976-ல் ஒரு சட்டம் வந்தது. அது அமலுக்கு வந்த நாள்தான் அந்த ஆகஸ்ட் 5. அதன் இடத்தில் 2010-ல் புதுச் சட்டம் வந்தது. பாஜக, காங்கிரஸ் இரண்டு கட்சிகளும் இந்தத் தடையை மீறி நன்கொடை வாங்கியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது வெளிநாட்டு நிறுவனம் என்ற வரையறையை 2016 நிதிச் சட்டம் தளர்த்தி, 2010 வரை பின்னோக்கிச் செல்லும்படி செய்தது. தீர்ப்பில் இருந்த நன்கொடைகளோ பழைய சட்டத்தின் காலத்தவை. 2018-ல் அந்த ஒரு தேதியை மாற்றியதும் தளர்வு 42 வருடம் பின்னே போனது.

இதை எப்படி நிறைவேற்றினார்கள் தெரியுமா? 2018 மார்ச் 14. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நம் ஊர் அதிமுக எம்.பி.க்களும், சிறப்பு அந்தஸ்து கேட்டு ஆந்திர எம்.பி.க்களும் முழக்கமிட்டுக் கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் சுமார் அரை மணி நேரத்தில் நிதி மசோதாவும் மானியக் கோரிக்கைகளும் (அமைச்சகங்களின் செலவுக்குப் பணம் கேட்பவை) முடிந்துவிட்டன. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் லாபம் தரும் வரி என்பதால் அதைப் பற்றி எழுந்து பேசும் ஆர்வம் இரண்டு பக்கமும் இல்லை. இந்த மாதிரி இடத்தில்தான் சின்னக் கட்சி உறுப்பினர் ஒருவராவது படித்திருக்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

கொறடா சொல்றபடிதான் ஓட்டுப் போடணும். அப்புறம் படிச்சு என்ன பிரயோஜனம்?

கேள்விகளில் கஷ்டமானது இதுதான். 1985-ல் வந்த 52-வது திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சியின் உத்தரவை (அவையில் அதைத் தருபவர்தான் கொறடா) மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும் என்கிறது. அனுமதி வாங்காமல் ஓட்டுப் போடாமல் இருந்தாலும் போகும். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பிக்கலாம். ஆட்களை விலைக்கு வாங்கி ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுக்க வந்த சட்டம், மீன்வள மசோதாவின் ஒரு பிரிவுக்குக்கூட மனசாட்சிப்படி ஓட்டுப் போட முடியாத நிலையில் கொண்டு வந்து விட்டிருக்கிறது.

1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று சொன்னபோதே, கொறடா உத்தரவுக்குப் பதவியிழப்பு என்பதை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கை சார்ந்தவற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னது. நடைமுறையில் சாதாரண மசோதாவுக்கும் கொறடா உத்தரவு வருகிறது. நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா போன்றவை தவிர மற்றதில் உறுப்பினரைச் சுயமாக விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை படிப்பது வீணா? இல்லை. ஓட்டைத்தான் கொறடா கட்டுப்படுத்துகிறார். திருத்தம் கொடுக்கலாம், விவாதத்தில் கேள்வி கேட்டு அமைச்சரின் பதிலைப் பதிவு செய்யலாம், கட்சிக் கூட்டத்தில் எதிர்க்கலாம், குழுவில் பேசலாம். குழுக்களில் கொறடா உத்தரவு கிடையாது. மேலே சொன்ன திருநர், வாடகைத் தாய் மாற்றங்கள் குழுவில் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்க எம்.பி. ஒரு மசோதாவுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டாரா எதிர்த்தாரான்னு தெரிஞ்சுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம்" என்பவர்கள், "இல்லை" என்பவர்கள் சத்தம் கேட்டு அவைத் தலைவர் முடிவு சொல்வார். யார் பெயரும் பதிவாகாது. ஒரு உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் டிவிஷன் கேட்டால் எண்ணி வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அப்போதுதான் பெயர் பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் அதில் மட்டும் எண்ணியே தீர வேண்டும்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது இதுதான் சண்டையானது. தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்லித் திருச்சி சிவா உள்ளிட்டவர்கள் தீர்மானம் கொண்டு வந்து டிவிஷன் கேட்டார்கள். அவையில் ஒழுங்கில்லை, கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று துணைத் தலைவர் தரப்பு சொன்னது. இருக்கையில்தான் இருந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். முடிவில் குரல் வாக்கெடுப்பு. ஒரு வருடத்துக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா இரண்டு அவையிலும் ஒரே நாளில் விவாதமில்லாமல் நிறைவேறியது. கொண்டு வந்ததற்கும் காரணம் சரியாகப் பேசப்படவில்லை, திரும்பப் பெற்றதற்கும் பேசப்படவில்லை.

நம்ம சட்டப்பேரவையில நிலைமை பரவாயில்லையா?

நாடாளுமன்றம் மாதிரி துறைவாரி நிலைக்குழு மசோதாக்களைப் பார்க்கும் வழக்கம் இங்கே இல்லை. கேரளத்தில் பொருட்குழுக்களுக்கு அனுப்புவது பழக்கமாக இருக்கிறது. பக்கத்து மாநிலத்தால் முடிவது நம்மால் ஏன் முடியவில்லை என்று எந்தக் கட்சி ஆட்சியிலும் கேட்கலாம்.

ஆனால் படித்ததால் நல்லது நடந்த உதாரணமும் இங்கேயே உண்டு. 2023 ஏப்ரல் 12-ல் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா பேரவைக்கு வந்தது. தொழிலாளர் விரும்பினால் மட்டுமே நெகிழ்வான வேலை நேரம் என்று அரசு விளக்கியது. மசோதாவில் இருந்ததோ வேறு. வாராந்திர வேலை நேரம், வார விடுமுறை, தினசரி நேரம், ஓய்வு இடைவேளை, கூடுதல் நேரச் சம்பளம் ஆகிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு அரசே விலக்கு அளிக்கும் அதிகாரம். தொழிற்சங்கத்துக்காரர்கள் பிரிவு எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். 12 மணி நேர வேலை என்று உடனே புரிந்துகொண்டார்கள். ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தார்கள். மூன்று நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அறிமுகத்துக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே கிடைத்த ஒன்பது நாள் அவ்வளவு செய்தது.

ஜல்லிக்கட்டு சட்டம் ஒரே நாள்ல நிறைவேறினப்ப எல்லாரும் கொண்டாடினோமே! அப்ப மட்டும் படிக்க வேண்டாமா?

எந்த வகுப்பிலும் தவறாமல் வரும் கேள்வி. 2017 ஜனவரி 23 அன்று மசோதா வந்தது, அன்றே ஒருமனதாக நிறைவேறியது. உண்மை. ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு. மசோதா மிகச் சிறியது, ஒரு மத்தியச் சட்டத்தில் சில பிரிவுகளை மட்டும் தொட்டது. இரண்டு நாள் முன்பே அவசரச் சட்டமாக வெளிவந்து எல்லாரும் பார்த்திருந்த வாசகம்தான் அது. ஆகவே படிக்க வாய்ப்பே இல்லாத நிலை என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் கேட்பவரின் நேர்மையை மதிக்கிறேன். நமக்குப் பிடித்த சட்டம் என்றால் வேகம் இனிக்கிறது. ஒரு வாரம் எடுத்து விலங்கு நல அமைப்புகளின் வாதத்தையும் பதிவு செய்து நிறைவேற்றியிருந்தால் 2023 மே வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் அதுவும் நம் பக்கத்துக்கு வலு சேர்த்திருக்கும்.

படிக்காம நிறைவேத்தினாங்கன்னு கோர்ட்டுக்குப் போனா சட்டம் ரத்தாகுமா?

ஆகாது. நடைமுறைக் குறைபாட்டைக் காட்டி நாடாளுமன்ற நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 122-வது பிரிவு சொல்கிறது. சட்டப்பேரவைக்கு 212-வது பிரிவு. சட்டத்தின் உள்ளடக்கம் அடிப்படை உரிமையை மீறினால் ரத்தாகலாம். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழி செய்து, 2017 நிதி மசோதாவோடு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் ரத்து செய்தது. நடுவில் ஏழு வருடம் போய்விட்டது, பத்திரங்கள் விற்றும் முடிந்தன.

அரசியல் நிர்ணய சபைல மட்டும் எல்லாரும் படிச்சாங்களாக்கும்?

எல்லாரும் ஒரே அளவு உழைக்கவில்லை. வரைவுக் குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், பாரம் அம்பேத்கர் மேல் விழுந்தது என்று 1948 நவம்பரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே சொன்னார். ஆனால் அரசியலமைப்பு வரைவு 1948 பிப்ரவரியில் வெளியாகி, விவாதம் நவம்பரில்தான் தொடங்கியது. எட்டு மாதம் நாடு முழுக்க யார் வேண்டுமானாலும் படித்துக் கருத்துச் சொல்லலாம். 7,600-க்கு மேல் திருத்தங்கள் தரப்பட்டு, 2,473 முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. படிக்காதவர்களால் இவ்வளவு திருத்தம் எழுத முடியாது.

படிச்சேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா பிரச்சினை தீருமே?

அமெரிக்காவில் செனட்டர் ராண்ட் பால் இப்படி உறுதிமொழி கேட்கும் மசோதாவையே கொண்டு வந்தார். நிறைவேறவில்லை. அந்த நாட்டிலும் குறை இதேதான். 2001-ல் பயங்கரவாதத் தடுப்புக்கான பேட்ரியாட் சட்டம் அறிமுகமாகி மூன்றே நாளில் அதிபர் கையெழுத்துக்குப் போனது. 2020 டிசம்பரில் 5,593 பக்க நிதி மசோதா வெளியான சில மணி நேரத்தில் நிறைவேறியது.

கையெழுத்து எனக்கு நம்பிக்கை தரவில்லை. படிக்காமல் ஓட்டுப் போடுகிறவர் படிக்காமல் கையெழுத்தும் போடுவார். கலிஃபோர்னியாவில் 2016-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டு வந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. மசோதாவின் இறுதி வடிவம் 72 மணி நேரம் இணையத்தில் இருந்தால்தான் வாக்கெடுப்பு. யார் மனதையும் சோதிக்கத் தேவையில்லை, கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

இங்கிலீஷ், இந்தி ரெண்டும் சரியா தெரியாத எம்.பி. என்ன பண்ணுவார்?

நாடாளுமன்ற மசோதாக்கள் அந்த இரண்டு மொழிகளில்தான் வருகின்றன. அவையில் தமிழில் பேச வழி உண்டு, உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. ஆனால் பேசுவதற்கு முன் படிக்க வேண்டிய ஆவணம் தமிழில் வராது. நேரம் குறையும்போது முதல் அடி இவர்களுக்குத்தான், ஏனென்றால் வேறொருவர் படித்து விளக்க வேண்டும். இரண்டு நாள் விதியைத் தளர்த்தும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

நானே ஒரு மசோதாவைப் படிக்கணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

நாடாளுமன்ற இணையதளத்தில் மசோதாக்கள் கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் நோக்கக் காரண விளக்கத்தை முதலில் பாருங்கள், அரசு என்ன சொல்ல விரும்புகிறது என்பது அதில் தெரியும். அடுத்து, பின்னால் விதி வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை யாரிடம் விடுகிறார்கள் என்று சொல்லும் குறிப்பு. 'வகுக்கப்படும் விதிகளின்படி' என்று அடிக்கடி வந்தால் முக்கியமானது எதுவும் மசோதாவில் இல்லை என்று அர்த்தம். பிறகு வரையறைகள், தண்டனைப் பிரிவுகள், எந்தத் தேதியிலிருந்து அமல் என்பது. தேதியைத் தவறவிடக் கூடாது என்பதற்குத்தான் 2018 கதையை மேலே சொன்னேன்.

தண்டனைப் பிரிவுக்கு ஒரு உதாரணம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் விபத்தில் உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்ற 106(2) பிரிவு இருந்தது. 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 146 பேர் இடைநீக்கத்தில் இருந்த அதே கூட்டத்தொடரில் அது நிறைவேறியது. லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது 2024 ஜனவரியில். 2024 ஜூலை 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள்.

படித்த பிறகு உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். "இந்த மசோதாவை எதிர்க்கவும்" என்று எழுதினால் உதவியாளரோடு நின்றுவிடும். இன்ன பிரிவு, இன்ன வரி, இதனால் எங்கள் ஊரில் இன்னாருக்கு இப்படி ஆகும் என்று எழுதினால், அவையில் எழுந்து பேச அவருக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.